தபாலில் வைத்தியம் கேட்பது எப்படி: 1780-களின் நோயாளிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எடின்பரோவில் உள்ள ராயல் மருத்துவர் கல்லூரியின் காப்பகத்தில் வில்லியம் கல்லன் என்ற டாக்டரின் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நோயாளிகள் அவருக்கு எழுதியவை, அவர் எழுதிய பதில்களின் நகல்கள் என்று இரண்டும் உண்டு. 1755-ல் தொடங்கி, 1790-ல் அவர் இறக்கும் வரை நீண்ட கடிதப் போக்குவரத்து அது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அதையெல்லாம் படமெடுத்து, தட்டச்சு செய்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறது.

படிக்க உட்காருபவர்களுக்கு முதல் பத்துக் கடிதங்களில் தலை சுற்றும். ஒரு நோயாளி தன் வயிற்றுவலியைச் சொல்லும் முன் அப்பாவின் கோபத்தைப் பற்றி எழுதுவார். இன்னொருவர் எந்த வாரம் குதிரையில் எவ்வளவு தூரம் போனார் என்று கணக்குக் கொடுப்பார். டாக்டரின் பதிலிலோ மருந்துக்கு இரண்டு வரி, சாப்பாட்டுக்கு இரண்டு பக்கம். ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள நான் கண்டுபிடித்த நல்ல வழி ஒன்றுதான்: நோயாளியின் இடத்தில் உட்கார்ந்து நாமே ஒரு கடிதம் எழுதிப் பார்ப்பது. சரித்திரக் கதை எழுதுபவர்களுக்கும், மருத்துவ வரலாறு படிப்பவர்களுக்கும் இது உதவும். சும்மா ஆர்வத்தில் வருபவர்களுக்கும்தான்.

சரி, நீங்கள் 1780-களில் ஸ்காட்லாந்தின் ஒரு கிராமப்புறத்தில் இருக்கிறீர்கள். எடின்பரோ போக உடம்பில் தெம்பு இல்லை. பல மாதமாக ஒரு நோய் விடாமல் பிடித்திருக்கிறது. கொஞ்சம் நிலபுலன், கையில் கொஞ்சம் காசு, எழுதப் படிக்கத் தெரியும். இனி தொடங்கலாம்.

தொடங்கும் முன்: பார்க்காமல் எப்படி வைத்தியம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கடிதம் எழுதினால் தப்பான கடிதமாகத்தான் போகும். அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

ஸ்டெதாஸ்கோப்பை பிரெஞ்சு மருத்துவர் லேனெக் கண்டுபிடித்தது 1816-ல். மார்பைத் தட்டிப் பார்த்து உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் முறையை வியன்னாவில் ஔவன்புருக்கர் 1761-லேயே எழுதி வைத்தார். ஆனால் 1808-ல் அது பிரெஞ்சு மொழிக்குப் போகும் வரை பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரத்தப் பரிசோதனை கிடையாது. உடம்புச் சூட்டை அளக்கும் கருவி இருந்தும் தினசரி வைத்தியத்துக்கு வரவில்லை. ஆகவே நேரில் போனாலும் டாக்டர் செய்யப்போவது என்ன? நாடி பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார், சிறுநீரின் நிறம் கேட்பார். மீதி நேரம் முழுக்க நீங்கள் சொல்வதைக் கேட்பார். அப்படியானால் அந்தச் சொல்லைத் தாளில் எழுதி அனுப்பினாலும் பெரிய நஷ்டம் இல்லை. நாடியையும் நாக்கையும் பக்கத்தில் இருக்கும் யாராவது பார்த்து எழுதினால் போதும்.

கையைப் பிடித்தே நோயைச் சொல்லும் நாட்டு வைத்தியரைக் கேள்விப்பட்ட நமக்கு இது புதிதாகப் படலாம். அங்கே நோயாளி வாய் திறக்கத் தேவையில்லை. இங்கே நோயாளியின் வாய்தான் எல்லாம்.

இன்னொன்றும் உண்டு. அன்றைய ஐரோப்பிய மருத்துவம் நோயை ஓர் உறுப்பின் கோளாறாக மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் உடல்வாகு உண்டு, அதை ஆறு விஷயங்கள் ஆட்டிவைக்கின்றன என்பது கிரேக்கர் காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. காற்று, உணவும் பானமும், தூக்கமும் விழிப்பும், அசைவும் ஓய்வும், உடம்பிலிருந்து வெளியேறுவதும் தங்குவதும், மனத்தின் உணர்ச்சிகள் ஆகியவையே அந்த ஆறு. இவை எதையும் டாக்டர் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு. அப்பாவின் கோபமும் குதிரைச் சவாரியும் கடிதத்துக்குள் வந்த காரணம் இதுதான்.

படி 1: இது தபாலுக்கு ஏற்ற நோயா?

கடுங்காய்ச்சல், எலும்பு முறிவு, பிரசவச் சிக்கல் என்றால் பேனாவைத் தொடாதீர்கள். பக்கத்து ஊர் அறுவை வைத்தியரைக் கூப்பிடுங்கள். பதில் வருவதற்குள் நோயாளி ஒன்று பிழைத்திருப்பார், இல்லையென்றால் போயிருப்பார்.

நாள்பட்ட நோய்தான் தபாலுக்குப் பொருந்தும். கால் பெருவிரலைப் பிடிக்கும் கவுட் வாதம், உடம்பில் நீர் கோத்து வீங்கும் நீர்க்கோவை, இரைப்பு, தீராத வயிற்றுக் கோளாறு, வலிப்பு, தலைச்சுற்றல், காரணம் புரியாத மனச்சோர்வு போன்றவை. இவை மாதக்கணக்கில் மெதுவாக நகரும். தபாலும் மெதுவாக நகரும். இரண்டுக்கும் ஒத்துப்போகும்.

படி 2: யாருக்கு எழுதுவது?

கல்லனுக்கு எழுதுங்கள் என்பேன். 1710-ல் பிறந்தவர். கிளாஸ்கோவில் பாடம் நடத்திவிட்டு 1755-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு வேதியியல் பேராசிரியராக வந்தவர். 1773 முதல் அங்கே மருத்துவ நடைமுறைப் பேராசிரியர், ஸ்காட்லாந்தில் மன்னரின் மருத்துவர். நோய்களைத் தாவரங்களைப் போல வகை பிரித்து 1769-ல் லத்தீனில் நூல் வெளியிட்டவர். இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் 'நியூரோசிஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரும் இவரே. உங்கள் ஊர் அறுவை வைத்தியரோ அவருடைய ஆசிரியரோ இவருடைய வகுப்பில் உட்கார்ந்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது உங்களுக்கு ஓர் அறிமுகம்.

சுவிட்சர்லாந்துப் பக்கம் இருந்தால் லோசான் நகரத்து டாக்டர் சாமுவேல் டிஸ்ஸோ. அவருக்கு வந்த கடிதங்கள் ஆயிரத்துக்கு மேல் இன்றும் லோசானில் உள்ளன. ஒரு தலைமுறை முன்னால் பிறந்திருந்தால் இங்கிலாந்தின் பாத் நகரத்து டாக்டர் ஜார்ஜ் செய்ன் இருந்தார். 1743-ல் காலமானவர். ஒரு காலத்தில் இவருடைய எடையே 200 கிலோவைத் தாண்டியிருந்தது. பாலும் காய்கறியும் மட்டும் சாப்பிட்டு இளைத்து, அதையே மற்றவர்களுக்கும் கடிதத்தில் சொன்னார். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் லண்டனில் அச்சகம் நடத்தி உட்கார்ந்தே உடம்பு பெருத்தவர். அவருக்கு வீட்டுக்குள்ளேயே ஏறிக் குதிக்கும் 'அறைக் குதிரை' ஒன்றை வாங்கச் சொன்னவர் இந்த செய்ன். தோல் போர்த்து, உள்ளே வில்சுருள் வைத்த உயரமான நாற்காலி அது. குதிரைச் சவாரிக்கு மாற்று.

ஒருவருக்குத்தான் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. 1784 மார்ச்சில் அகராதி புகழ் சாமுவேல் ஜான்சன் லண்டனில் இரைப்பாலும் நீர்க்கோவையாலும் படுத்திருந்தபோது, அவருடைய நண்பர் பாஸ்வெல் ஸ்காட்லாந்திலிருந்தபடி எடின்பரோவின் மூன்று பேராசிரியர்களிடம் ஆலோசனை கேட்டார்: கல்லன், ஹோப், மன்றோ. லண்டனில் ஜான்சனைப் பார்த்துக்கொள்ள நல்ல டாக்டர்கள் இருந்தார்கள். ஆனாலும் 'உங்கள் ஊர் மருத்துவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்' என்று எழுதியவர் ஜான்சனேதான். பாஸ்வெல் வழியாகக் கேள்வி போய், பதில்கள் வந்தன. இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு மனம் நெகிழும். நண்பனுக்காக நோயைச் சுமந்துகொண்டு மூன்று வாசல் ஏறுவது போன்ற வேலை அது. ஜான்சன் அந்த டிசம்பரில் இறந்துபோனார்.

படி 3: பேனா யார் கையில்?

நோயாளியே எழுதலாம். ஆனால் கல்லனின் தொகுப்பில் மற்றவர்கள் எழுதியவை ஏராளம். மனைவிக்காகக் கணவன், மகளுக்காகத் தந்தை, நண்பருக்காகப் பாதிரியார். எல்லாரையும்விட அதிகம் பயன்படுபவர் உங்கள் ஊர் அறுவை வைத்தியர் அல்லது மருந்து தயாரித்துக் கொடுக்கும் அப்போதிக்கரி. இலங்கைத் தமிழர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. அங்கே ஆங்கிலேயர் காலத்து அரசு மருந்தகங்களில் வைத்தியம் பார்த்தவர்களை அப்போதிக்கரி என்றுதான் சொல்வார்கள்.

ஊர் வைத்தியர் எழுதினால் நாடி, நாக்கு, சிறுநீர், கொடுத்த மருந்தின் அளவு எல்லாம் சரியாக வரும். நீங்கள் எழுதினால் வலி எப்படிப்பட்டது, எப்போது பயம் வருகிறது, எது நடந்த பிறகு தொடங்கியது என்பது வரும். என் அபிப்பிராயம், இரண்டும் போக வேண்டும். வைத்தியர் ஒரு தாள், நீங்கள் ஒரு தாள். தபால் செலவு கூடத்தான் செய்யும். பரவாயில்லை, இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ஊர் வைத்தியருக்குத் தெரியாமல் பெரிய டாக்டருக்கு எழுதினால் அவர் மனம் புண்படும். திரும்பி வரும் சீட்டை வைத்து, வைத்தியமாக உடம்பிலிருந்து இரத்தம் எடுக்கவும் தோலில் கொப்புளம் எழுப்பும் பற்றுப் போடவும் அவர்தானே வர வேண்டும்?

படி 4: எழுதும் முன் ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பயனில்லாத கடிதம் எழுதுகிறார்கள். நல்ல வேளையாக டிஸ்ஸோ இதற்கு ஒரு கைவிளக்கு தந்திருக்கிறார். 1761-ல் அவர் சாதாரண மக்களின் உடல்நலத்துக்காக பிரெஞ்சில் ஒரு புத்தகம் எழுதினார். சில வருடங்களில் ஐரோப்பாவின் பல மொழிகளுக்குப் போய்விட்டது. மருத்துவரைக் கேட்கப் போகிறவர் எந்தெந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. டாக்டர் இல்லாத கிராமத்துக்காக எழுதியது. கடிதம் எழுதுபவர்களுக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். வயது என்ன? இதற்கு முன் நல்ல ஆரோக்கியமா? என்ன தொழில், எப்படிப்பட்ட வாழ்க்கை? எத்தனை நாளாக நோய், எப்படித் தொடங்கியது? காய்ச்சல் உண்டா? நாடி கெட்டியாக அடிக்கிறதா, மென்மையாகவா? நாள் முழுக்கப் படுக்கையா, எழுந்து நடமாடுகிறாரா? தலை, தொண்டை, மார்பு, வயிறு, இடுப்பு, கை கால் இவற்றில் எங்கே வலி? நாக்கு வறண்டிருக்கிறதா, வாயில் என்ன ருசி, தாகம் உண்டா? மலம் எப்படி? சிறுநீரின் நிறம் என்ன, அடிக்கடி மாறுகிறதா? வியர்க்கிறதா? சளி வருகிறதா? தூக்கம்? மூச்சு? என்ன பத்தியம் இருந்தார், என்ன மருந்து சாப்பிட்டார், அது என்ன செய்தது? இதே நோய் முன்பு வந்ததா? பெண்ணாக இருந்தால் மாதவிலக்கு ஒழுங்கா, கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா? குழந்தையாக இருந்தால் பல் எத்தனை முளைத்திருக்கிறது, பூச்சி விழுந்ததா, பெரியம்மை வந்து போனதா?

ஒரு வாரம் தினமும் இரவில் இவற்றுக்குச் சிறு குறிப்பு எழுதி வையுங்கள். நாடியை எண்ண நொடி முள் உள்ள கடிகாரம் வேண்டும். அதற்கென்றே ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில மருத்துவர் 1707-லேயே ஒரு கடிகாரத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். உங்கள் வீட்டில் இல்லையென்றால் வைத்தியரிடம் இருக்கும்.

படி 5: கடிதத்தை எழுதுதல்

முதல் வரிகளில் மரியாதை. 'தங்களை அறியும் பாக்கியம் இல்லாதவன், தங்கள் புகழைக் கேட்டு எழுதத் துணிந்தேன்' என்ற தொனி அன்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் நான்கு வரிக்கு மேல் போகாதீர்கள். மரியாதையிலேயே தாள் தீர்ந்துபோன கடிதத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது.

1787 ஏப்ரல் 1-ஆம் தேதி கோர்சிகா தீவின் அஜாக்சியோவிலிருந்து பதினேழு வயது பீரங்கிப் படை அதிகாரி ஒருவர் டிஸ்ஸோவுக்குக் கடிதம் எழுதினார். பெரிய தாத்தா முறையான ஒரு பாதிரியாருக்குக் கவுட் வாதம். கால்களும் முழங்கால்களும் படுத்துகின்றன. மனிதகுலத்துக்கே வழிகாட்டும் டிஸ்ஸோவின் பெருமையை அந்த இளைஞர் நிறைய எழுதினார். தாத்தாவின் மேல் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது தெரிகிறது. டிஸ்ஸோ பதில் போடவில்லை. 'சுவாரசியம் குறைவு, பதில் எழுதப்படவில்லை' என்று கடிதத்தின் மேல் குறிப்பு எழுதி எடுத்து வைத்துவிட்டார். எழுதியவர் நெப்போலியன் போனபார்ட். டிஸ்ஸோவுக்கு அப்போது அந்தப் பெயர் வெறும் பெயர். வந்து குவியும் கடிதங்களில் கவுட் வாதமும் தினசரி விஷயம். அந்தக் குவியலில் டாக்டரின் கை உங்கள் தாளில் நிற்க வேண்டுமானால், இந்த உடம்பில் மட்டும் நடப்பது என்ன என்பதை நீங்கள் காட்ட வேண்டும்.

மரியாதைக்கு அப்புறம் இந்த வரிசை நன்றாக வரும்: ஆள் யார், குடும்பத்தில் என்ன நோய்கள், சின்ன வயதிலிருந்து ஆரோக்கியம் எப்படி, இந்த நோய் தொடங்கிய நாளும் சந்தர்ப்பமும், இன்றுவரை நடந்தது, செய்த வைத்தியம், இன்றைய நிலை, கடைசியில் உங்கள் கேள்வி. நான் ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். நோயாளி கற்பனை. ஆனால் இப்படிப்பட்ட கடிதங்கள்தான் அந்தக் காப்பகத்தில் இருக்கின்றன.

'நோயாளி என் மனைவி, வயது 38. மெலிந்த உடம்பு, வெளுத்த நிறம், சட்டென்று கலங்கும் மனம். அவருடைய தகப்பனார் கவுட் வாதத்தால் பல வருடம் துன்பப்பட்டு இறந்தார். தாயார் இருக்கிறார், நல்ல திடம். மனைவி ஆறு பிள்ளைகள் பெற்றார், நால்வர் உயிருடன் இருக்கிறார்கள். சென்ற அக்டோபரில் கடைசிக் குழந்தையைப் பறிகொடுத்தோம். அதற்கு மூன்று வாரம் கழித்து, மழையில் நனைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பின், இரவு உணவானதும் வயிற்றின் மேல் பகுதியில் ஏதோ உருண்டு எழும்பித் தொண்டையை அடைப்பது போல் இருக்கிறது என்றார். அன்று முதல் வாரத்துக்கு மூன்று நான்கு முறை இது வருகிறது. வரும் முன் கை கால் சில்லிடும், முடிந்ததும் வெளிர் நிறத்தில் நிறைய சிறுநீர் போகும். ரொட்டி, பால், கோழி ரசம் ஏற்றுக்கொள்கிறார். உப்பிட்ட மாட்டிறைச்சி ஒத்துக்கொள்வதில்லை. இரவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் இல்லை. நாடி காலையில் 84. எங்கள் வைத்தியர் இரண்டு முறை இரத்தம் எடுத்தார். முதல் முறை ஒரு வாரம் சுகம், இரண்டாம் முறை பலவீனம் மட்டும் மிஞ்சியது. மேலும் இரத்தம் எடுக்கலாமா, குளிர் முடியும் முன் ஊர் மாற்றலாமா என்று தாங்கள் சொல்ல வேண்டும்.'

இதில் கவனிக்க வேண்டியவை சில. தேதி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகூட இருக்கிறது. துக்கம் இருக்கிறது, ஆனால் அதையே காரணம் என்று எழுதியவர் முடிவு கட்டவில்லை. அதை டாக்டரிடம் விட்டுவிட்டார். செய்த வைத்தியத்தோடு அதன் விளைவும் இருக்கிறது. கடைசியில் கேட்டது இரண்டே கேள்வி. 'எனக்கு ஹிஸ்டீரியா என்று நினைக்கிறேன்' என்று நோய்க்கு நீங்களே பெயர் வைக்க ஆசை வரும். வைக்கலாம், அன்று பலர் வைத்தார்கள். ஆனால் பெயரை மட்டும் எழுதி விவரத்தை விட்டுவிடாதீர்கள்.

படி 6: வெட்கமான விஷயங்கள்

நேரில் சொல்ல நாக்கு எழாததைத் தாளில் சொல்ல முடிந்தது. தபால் வைத்தியம் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். டிஸ்ஸோ 1760-ல் சுயஇன்பத்தின் தீமைகள் என்று ஒரு புத்தகம் போட்டார். அவர் சொன்ன மருத்துவம் தவறு, அது எத்தனையோ இளைஞர்களை வீணாகப் பயமுறுத்தியது. அதைப் படித்துக் கலங்கியவர்கள் அவருக்கே எழுதினார்கள். சிலர் பெயர் போடாமல் எழுதினார்கள். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கிறது.

பால்வினை நோய், மூலம், மாதவிலக்குச் சிக்கல் போன்றவை என்றால் தயங்காமல் எழுதுங்கள். பெயரைச் சொல்ல விருப்பமில்லையா? 'நோயாளி ஒரு கனவான்' என்று மூன்றாம் மனிதராக எழுதி, பதிலை நண்பர் முகவரிக்கு அனுப்பச் சொல்லலாம். ஆனால் உங்கள் கடிதத்தை டாக்டர் மட்டும் படிக்கமாட்டார் என்பதை மறக்காதீர்கள். வரும் கடிதங்களையும் போகும் பதில்களையும் கவனிக்க எழுத்தர் உண்டு. இந்தப் பக்கம் உங்கள் வீட்டிலும் கடிதத்தைக் குடும்பம் சுற்றி உட்கார்ந்து படிப்பது வழக்கம்.

படி 7: மடித்து, முத்திரை வைத்து, காசோடு அனுப்புதல்

அன்று உறை கிடையாது. தாளையே மடித்து அதன் வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி, அரக்கு வைத்து மூட வேண்டும். அரக்கு ஒட்டும் இடத்தில் எழுத்தே வராமல் விட்டுவையுங்கள். பிரிக்கும்போது அங்கே தாள் கிழியும். உங்கள் மருந்தின் அளவு அந்தக் கிழிசலில் போனால் யாரைக் கேட்பது?

தபால் கட்டணம் தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. உள்ளே இன்னொரு தாள் வைத்தால் கட்டணம் இரட்டிப்பு. பெறுபவர்தான் கட்டுவது வழக்கம். எந்தத் தூரத்துக்கும் ஒரு பென்னி, அதையும் அனுப்புபவரே கட்டுவது என்ற முறை 1840-ல்தான் வந்தது. டாக்டர் தலையில் செலவைக் கட்டுவது அழகில்லை என்று நினைத்தால் முன்கூட்டியே கட்டிவிடுங்கள். தெரிந்த நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தால் இன்னும் நல்லது, அவர் கையெழுத்திட்ட கடிதம் இலவசமாகப் போகும். 1784 முதல் அவர் முகவரியையும் தேதியையும் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று சட்டம் இறுக்கப்பட்டது. கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு முன் அவ்வளவு பரவியிருந்தது.

கட்டணம் கினியில். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங், ஒரு கூலியாளுக்குப் பல வாரக் கூலி. தபால் வைத்தியம் ஏழைகளுக்கு எட்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். இதைக் கூலி என்று சொல்லமாட்டார்கள், சன்மானம் என்பார்கள். ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 1777-ல் பல வண்ணத்தில் ஒரு கினி நோட்டு வெளியிட்டது, அதை வைத்து அனுப்பலாம். அதுவும் ஒரு தாள் என்று தபால்காரர் கணக்கில் சேரும். எடின்பரோவில் உறவினரோ வழக்கறிஞரோ இருந்தால் அவர் கையில் கொடுக்கச் சொல்வதே பத்திரம்.

படி 8: காத்திருப்பு

தபால் பையன் குதிரையில் போன காலம். தபால் கோச்சு வண்டி 1784 ஆகஸ்டில் பிரிஸ்டலுக்கும் லண்டனுக்கும் இடையே தொடங்கி, 1786-ல் எடின்பரோவை எட்டியது. அதன் பிறகு வேகம் கூடியது. காத்திருக்கும் நாளிலும் குறிப்பு எழுதுவதை நிறுத்தாதீர்கள். பதில் வரும்போது நோய் வேறு நிலையில் இருக்கும்.

படி 9: பதிலைப் படித்தல்

கல்லனின் பதில் பெரும்பாலும் மூன்று பகுதியாக இருக்கும். முதலில் நோயைப் பற்றிய அவருடைய கருத்து. பல கடிதங்களில் நம்பிக்கை தரும் வார்த்தைகளோடு தொடங்குவார். அடுத்து வாழும் முறை, இதுதான் நீளம். மருந்துச் சீட்டு கடைசியில்.

வாழும் முறையை 'அதுதான் தெரியுமே' என்று தாண்டிவிடாதீர்கள். குளிர் படக்கூடாது, தோலை ஒட்டி ஃபிளானல் துணி உடுத்த வேண்டும், வானிலை நன்றாக இருக்கும் நாளெல்லாம் களைப்பு வராத அளவுக்குக் குதிரையில் போக வேண்டும், எந்த இறைச்சி, எந்த வேளை, ஒயின் எவ்வளவு, எத்தனை மணிக்குப் படுக்கை. இப்படி நுணுக்கமாகப் போகும். ஆறு விஷயங்களை முதலில் சொன்னேனே, அவற்றை ஒவ்வொன்றாகச் சீர்செய்கிறார். உண்மையைச் சொன்னால், அன்றைய மருந்துகளில் பலவற்றைவிட இந்தப் பகுதிதான் நோயாளிக்கு நன்மை செய்திருக்கும் என்று நம்புகிறேன். சில சமயம் தாதுநீர் ஊற்றுள்ள ஊருக்குப் போகச் சொல்வார்கள். தெற்கு ஸ்காட்லாந்தில் மோஃபட் அப்படிப் பெயர் பெற்ற ஊர்.

மருந்துச் சீட்டு லத்தீனில் சுருக்கெழுத்தாக இருக்கும். அதை நீங்கள் படிக்க வேண்டாம், அப்போதிக்கரிக்காக எழுதியது. ஆனால் என்னென்ன வரும் என்று தெரிந்திருப்பது நல்லது. காய்ச்சலுக்கும் பலவீனத்துக்கும் சிங்கோனா பட்டை. வயிறு கழிய ரேவல் சின்னிக் கிழங்கும் நிலாவரையும். வலிக்கும் தூக்கத்துக்கும் சாராயத்தில் கரைத்த அபினி. வாந்தி எடுக்க ஆன்டிமனி உப்பு. பால்வினை நோய்க்குப் பாதரசம். ஹிஸ்டீரியாவுக்குப் பெருங்காயம்! நம் சாம்பாரில் விழும் அதே பெருங்காயத்தை மாத்திரையாக உருட்டி, தொண்டையில் உருண்டை எழும்பும் பெண்களுக்குக் கொடுத்தார்கள். ரேவல் சின்னியும் நிலாவரையும் இன்றும் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கின்றன. அபினியும் பாதரசமும் ஆன்டிமனியும் விஷம். படித்துத் தெரிந்துகொள்வதோடு நிறுத்துங்கள், எதையும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

சீட்டு தனித் தாளில் வந்தால் அதை அப்போதிக்கரியிடம் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் தங்கிவிட்டால் அப்புறம் உங்களுக்குக் கிடைக்காது. கல்லனும் இதைத்தான் செய்தார். முதலில் எழுத்தர்கள் கையால் நகல் எடுத்தார்கள். ஜேம்ஸ் வாட் 1780-ல் காப்புரிமை வாங்கிய நகல் அச்சு வந்ததும் 1781-லிருந்து அதைப் பயன்படுத்தினார். எழுதிய மை உலரும் முன் மெல்லிய ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தினால் எழுத்து அதில் ஊறி, பின்பக்கத்திலிருந்து படிக்கலாம். இன்று நாம் அவருடைய பதில்களைப் படிக்க முடிவது இந்த நகல்களால்தான். மூலக் கடிதங்கள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய், அவர்களோடு போய்விட்டன.

படி 10: இரண்டாம் கடிதம்

முதல் பதிலோடு உறவு முடிவதில்லை. ஒரு மாதம் பத்தியம் இருந்து பார்த்து மறுபடி எழுத வேண்டும். இது முதல் கடிதத்தைவிடச் சுலபம், ஆனால் பலர் சொதப்பும் இடமும் இதுதான். 'தங்கள் மருந்து பலன் தந்தது' என்று ஒரு வரி போதாது. எந்த மருந்து, எத்தனை நாள், எந்த அளவு, எது நின்றது, எது நிற்கவில்லை என்று எழுதுங்கள். மருந்தைச் சாப்பிடாமல் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். குதிரை இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், டாக்டர் வேறு வழி சொல்வார். முன் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட மறக்காதீர்கள். எழுத்தர் பழைய நகலைத் தேடி எடுத்து டாக்டர் முன் வைக்க அந்தத் தேதி வேண்டும்.

கல்லனின் தொகுப்பில் ஒரே நோயாளியின் கதை வருடக்கணக்கில் போவதும் உண்டு. ஊரையும் நோயையும் பிள்ளைகளையும் பற்றிக் கடிதத்துக்குக் கடிதம் நமக்கு ஆள் பழகிவிடுவார். அப்புறம் ஒரு நாள் கடிதம் நின்றுபோகும். குணமானதால் எழுதவில்லையா, இறந்ததால் எழுதவில்லையா, வேறு டாக்டரிடம் போய்விட்டாரா என்று அந்தத் தாளில் பதில் இருக்காது. ஆகவே நீங்கள் எழுதும் கடிதத்தில் நோயாளிக்குக் குணமானால், அதைச் சொல்ல மட்டுமாவது இன்னொரு தாள் அனுப்புங்கள்.